3 'பீப்' ஒலியில் நின்ற ரயில்கள்: எஸ்டிஆர் ரேடியோ கருவிகளைத் தடை செய்தால் போதுமா?

போலந்தில் 2023 ஆகஸ்ட் 25ஆம் தேதி இரவு, ஷ்செச்சின் நகரை ஒட்டிய பகுதியில் 20-க்கும் மேற்பட்ட ரயில்கள் திடீரென நின்றன. பிரேக் பழுதாகவில்லை, எந்த கம்ப்யூட்டரும் ஹேக் செய்யப்படவில்லை. ரேடியோவில் யாரோ அனுப்பிய 3 ஒலிகள்தான் காரணம். பின்னர் போலந்து நாட்டவர் 2 பேர் கைது செய்யப்பட்டனர்.

வெறும் ஒலி எப்படி ரயிலை நிறுத்தும்?

அந்நாட்டு ரயில்களில் 'ரேடியோ ஸ்டாப்' என்ற வசதி உண்டு. ஆபத்து நேரத்தில் குறிப்பிட்ட 3 ஒலிகளை அடுத்தடுத்து அனுப்பினால், அதைக் கேட்கும் ரயில்கள் உடனே பிரேக் போட்டுவிடும். உயிர் காக்க வந்த வசதிதான். ஆனால் சிக்னலை அனுப்புவது ரயில்வே ஊழியரா, வேறு ஆளா என்று அது சரிபார்க்காது. பாஸ்வேர்டும் கிடையாது. சாதாரண ரேடியோ கருவி ஒன்றே இதற்குப் போதும்.

எஸ்டிஆர் என்றால் என்ன?

'சாஃப்ட்வேர் டிஃபைன்ட் ரேடியோ' என்பதன் சுருக்கம்தான் எஸ்டிஆர். எஃப்எம் ரேடியோ பெட்டியில் எஃப்எம் மட்டும்தான் கேட்கும். அதன் சர்க்யூட் அந்த ஒரு வேலைக்கு மட்டுமே செய்யப்பட்டது. எஸ்டிஆர் போர்டு அப்படியல்ல. காற்றில் வரும் அலையைப் பிடித்து எண்களாக மாற்றி லேப்டாப்புக்கு அனுப்பிவிடும். மீதி வேலை முழுவதும் சாஃப்ட்வேருடையது. சாஃப்ட்வேரை மாற்றினால் அதே போர்டு வேறு ரேடியோ ஆகிவிடும்.

டிவி பார்ப்பதற்காக விற்கப்பட்ட யுஎஸ்பி டாங்கிளை இப்படிப் பயன்படுத்தலாம் என 2012-ல் தெரியவந்த பிறகு, இந்தத் தொழில்நுட்பம் மாணவர்கள் கைக்கும் வந்தது. விமானங்கள் 1090 மெகாஹெர்ட்ஸில் தங்கள் இருப்பிடத்தைச் சொல்லிக்கொண்டே பறப்பதை, வீட்டு மாடியில் இருந்தே மேப்பில் பார்க்கலாம்.

ஏபிஐ எதற்கு?

போர்டும் சாஃப்ட்வேரும் பேசிக்கொள்ளும் வழிதான் ஏபிஐ. ஒவ்வொரு போர்டுக்கும் ஒரு மொழி: யுஎஸ்ஆர்பி போர்டுகளுக்கு யுஹெச்டி, ஹேக்ஆர்எஃப் போர்டுக்கு லிப்ஹேக்ஆர்எஃப். 'சோப்பிஎஸ்டிஆர்' போன்ற பொது ஏபிஐ இவற்றை இணைக்கிறது. மிக்ஸியோ கிரைண்டரோ, எல்லாவற்றுக்கும் ஒரே பிளக் பாயின்ட் இருப்பது போலத்தான்.

இதில்தான் விஷயமே இருக்கிறது. ஒருவர் ஒருமுறை எழுதிய புரோகிராமை, ரேடியோ இன்ஜினியரிங் தெரியாத ஆயிரம் பேர் தங்கள் போர்டுகளில் ஓட்டலாம்.

எல்லா போர்டும் ஆபத்தானதா?

இல்லை. டிவி டாங்கிள் அலையைப் பிடிக்க மட்டுமே செய்யும், அனுப்ப முடியாது. ஹேக்ஆர்எஃப் ஒன் போன்றவை 1 மெகாஹெர்ட்ஸ் முதல் 6 கிகாஹெர்ட்ஸ் வரை பிடிக்கவும் செய்யும், அனுப்பவும் செய்யும். கவலை இந்த இரண்டாவது வகையைப் பற்றித்தான்.

தடை விதித்தால் தீருமா?

கார் திருட்டைத் தடுக்க, 'ஃபிளிப்பர் ஜீரோ' போன்ற கருவிகளைத் தடை செய்யப்போவதாக 2024 பிப்ரவரியில் கனடா அரசு அறிவித்தது. ஃபிளிப்பர் முழுமையான எஸ்டிஆர் அல்ல. ஆனால் ரிமோட் சிக்னலைப் பதிவு செய்து திரும்ப அனுப்பக்கூடியது. பாதுகாப்பு நிபுணர்கள் எதிர்த்தனர். இப்போதைய கார் சாவிகள் ஒவ்வொரு முறையும் புதிய கோடு அனுப்புவதால், பழைய பதிவு செல்லாது என்பது அவர்கள் வாதம். மார்ச் மாதமே அரசு இறங்கி வந்து, முறையான தேவை உள்ளவர்கள் மட்டும் பயன்படுத்தும் வகையில் கட்டுப்படுத்துவதாகக் கூறியது.

அமெரிக்காவின் டல்லாஸ் நகரம் வேறு வழியில் போனது. அங்கு 2017 ஏப்ரல் 7 நள்ளிரவை ஒட்டி, 156 புயல் எச்சரிக்கை சைரன்களை யாரோ ரேடியோ சிக்னல் மூலம் அலற வைத்தனர். நகர நிர்வாகம் செய்தது, சைரன் சிக்னலுக்கு மறையாக்கப் பாதுகாப்பைக் கூட்டியது. போலந்து ரயில்வேயும் பழைய ரேடியோவை விட்டுவிட்டு, பாதுகாப்பான ஜிஎஸ்எம்-ஆர் முறைக்கு மாறும் வேலையில் இறங்கியது.

அடுத்து என்ன?

இந்தியாவிலும் அனுமதியின்றி ரேடியோ அலைகளை அனுப்புவது குற்றம். ஹாம் ரேடியோவுக்குத் தேர்வு எழுதி உரிமம் வாங்க வேண்டும். ஆனால் சட்டத்துக்குப் பயப்படாதவரை சட்டம் மட்டும் தடுத்துவிடாது. பூட்டே இல்லாத கதவுக்கு, சாவி செய்பவரைத் தடை செய்து என்ன பயன்? ரயில், சைரன் போன்றவற்றை இயக்கும் பழைய ரேடியோக்களில், 'அனுப்புவது யார்?' என்று கேட்கும் பூட்டைப் போடுவதுதான் முதல் வேலை.