பிள்ளைகளின் உரிமைக்கு மீஞ்சூரில் ஒரு பொது விசாரணை

மீஞ்சூர், அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம், வல்லூர், காட்டுப்பள்ளி, அனுப்பம்பட்டு, பொன்னேரி வட்டார மக்களுக்கு,

தை பிறந்ததும் நம் பக்கத்துச் சூளைகளில் கல் அறுப்பு சூடுபிடித்துவிடும். விடியுமுன்னே அச்சோடு உட்காரும் தாய் தகப்பனுக்குப் பக்கத்தில் எட்டு வயதுப் பிள்ளையும் குந்தியிருக்கும். அறுத்துப் போட்ட பச்சைக் கல் ஒரு பக்கம் காய்ந்ததும் அதைப் புரட்டி நிமிர்த்திவைப்பது அந்தப் பிள்ளையின் வேலை. பிள்ளைக்கு எடை குறைவு, ஈரக் கல் நசுங்காது என்று அதற்கு ஒரு நியாயமும் சொல்வார்கள். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி பேசப்படுவது குடும்பத்துக்கு. சூளைக் கணக்கில் ஏறுவது தகப்பன் பெயர் மட்டும். வாங்கிய முன்பணம் கழிய வேண்டுமென்றால் நான்கு கை போதாது, ஆறு கை வேண்டும். தொழிலாளர் துறை அதிகாரி வந்து கணக்கு நோட்டைப் புரட்டினால் அங்கே குழந்தைத் தொழிலாளி என்று ஒருவரும் இருக்கமாட்டார். பள்ளி வருகைப் பதிவேட்டிலும் அந்தப் பிள்ளை இல்லை.

2011-ல் நம் திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரே சூளையிலிருந்து ஒடிசாவைச் சேர்ந்த 500-க்கும் மேற்பட்டோர் கொத்தடிமைகளாக மீட்கப்பட்டார்கள். அவர்களோடு குழந்தைகளும் இருந்தார்கள். அதன்பிறகு மாவட்டத்தில் சில சூளைகளில் ஒடியா பாடப் புத்தகங்களோடு வகுப்புகள் நடந்தன. நல்ல காரியம், மனதாரப் பாராட்டுகிறோம். ஆனால் எத்தனை சூளை, எத்தனை பிள்ளைகள், இந்த ஆண்டு எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று நம் ஊரில் யாரிடம் கேட்டாலும் பதில் வராது. கேட்பதற்கு ஓர் இடமே நமக்கு இல்லை.

அந்த இடத்தை உண்டாக்கத்தான் இந்த வேண்டுகோள். பிள்ளைகளின் உரிமை மீறல்கள் பற்றி மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் மீஞ்சூருக்கு வந்து, நம் முன்னால் உட்கார்ந்து, பொது விசாரணை நடத்த வேண்டும். அதற்கு உங்கள் கையெழுத்தும் உங்கள் வாக்குமூலமும் வேண்டும்.

சூளைப் பிள்ளைகள் மட்டும்தானா? கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் இறால் தடவும் இருளர் பெண்களைப் பாருங்கள். கழுத்தளவு தண்ணீரில், பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவுவார்கள். கரையில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு நிற்கும் பெரிய பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது இருந்தால் அதிகம். பள்ளியில் சேர்ந்து ஒன்பதாம் வகுப்புவரை வந்துவிட்ட இருளர் பிள்ளைக்குப் பழங்குடிச் சாதிச் சான்றிதழ் கிடைப்பதற்குள் குடும்பம் எத்தனை முறை பொன்னேரிக்கு அலைய வேண்டியிருக்கிறது என்று அவர்களையே கேளுங்கள். அலையும் ஒவ்வொரு நாளும் அன்றைய கூலி போகிறது. சான்றிதழ் இல்லையென்றால் உதவித்தொகை இல்லை, விடுதி இல்லை. கடைசியில் பள்ளியே இல்லை.

திருவொற்றியூர்–பொன்னேரி–பஞ்செட்டி சாலையில் காலை எட்டரை மணிக்குப் பிள்ளைகளை சைக்கிளில் அனுப்பும் தாய்மார்களுக்கு நாங்கள் எதையும் விளக்க வேண்டியதில்லை. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் இரண்டு பக்கமும் வரிசைகட்டி நிற்க, நடுவில் மிஞ்சிய தார்ச்சாலையில் சீருடைப் பிள்ளைகள் போகிறார்கள்.

காற்றின் கதை தனி. செப்பாக்கத்தில் வீட்டை ஒட்டியே அனல்மின் நிலையத்தின் சாம்பல் குளம். ஆடி மாதக் காற்றில் சோற்றுத் தட்டில் சாம்பல் விழுகிறது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தபோது தூங்கிய பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு இருட்டில் ஓடியவர்கள் நமக்கு உறவுக்காரர்கள். 2024 அக்டோபர் 25 அன்று திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளியில் வாயு நெடி பரவி, 30-க்கும் மேற்பட்ட மாணவர்கள் தொண்டை எரிச்சலும் மயக்கமுமாக மருத்துவமனைக்குப் போனார்கள். விடுமுறை விட்டு நவம்பர் 4-ல் பள்ளியைத் திறந்தார்கள். அன்றைக்கும் பிள்ளைகள் மயங்கினார்கள்.

இவற்றில் ஒவ்வொன்றுக்கும் ஒரு துறை இருக்கிறது. சூளை என்றால் தொழிலாளர் துறை, சான்றிதழ் என்றால் வருவாய்த் துறை, லாரி என்றால் போக்குவரத்து போலீஸ், புகை என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், பள்ளி இடைநின்றால் கல்வித் துறை. மனு கொடுத்தால் ரசீது கிடைக்கிறது. பிறகு அது எங்கள் வரம்பில் இல்லை என்று ஒரு பதில் வருகிறது. சூளையில் இருக்கும் ஒரே பிள்ளை ஐந்து துறையின் கோப்புகளில் ஐந்து துண்டாகக் கிடக்கிறது. அந்தப் பிள்ளையை முழுதாகப் பார்க்கும் அலுவலகம் ஒன்றுகூட இல்லை. பொது விசாரணையில் அத்தனை துறைகளும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். எங்கள் வரம்பு இல்லை என்று ஒருவர் சொன்னால், வரம்புக்குரியவர் பக்கத்து நாற்காலியில் இருப்பார். ஊர் கேட்டுக்கொண்டிருக்கும்.

சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையங்கள் சட்டம், புகார் வந்தாலும் வராவிட்டாலும் தானாக முன்வந்து விசாரிக்கும் அதிகாரத்தை ஆணையத்துக்குத் தருகிறது. விசாரிக்கும்போது சிவில் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் அதற்கு உண்டு: அதிகாரிகளை அழைப்பாணை அனுப்பி வரவழைக்கலாம், சத்தியப் பிரமாணத்தின்மேல் விசாரிக்கலாம், ஆவணங்களைக் கேட்டு வாங்கலாம். 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள கல்வி உரிமைச் சட்டம், அந்தச் சட்டப்படியான உரிமைகளைக் கண்காணிக்கும் பொறுப்பையும் இதே ஆணையத்திடம் ஒப்படைத்திருக்கிறது. பின்தங்கியவை என்று பட்டியலிடப்பட்ட மாவட்டங்களுக்கே நேரில் போய்த் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2019-ல் அமர்வுகள் நடத்தியது. தூரத்து மாவட்டங்களுக்கு டெல்லியிலிருந்து போக முடிந்தது. மாநில ஆணையத்துக்கோ, சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறினால் மீஞ்சூர்.

ஆணையத்தால் தண்டனை கொடுக்க முடியாது. பரிந்துரைக்கத்தான் முடியும் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் வழக்குத் தொடரப் பரிந்துரைக்கலாம், பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு இடைக்கால நிவாரணம் கேட்கலாம், உயர் நீதிமன்றத்தையே அணுகலாம். ஊர் முன்னால் பதிவான ஒரு வாக்குமூலத்தை அதற்குப் பிறகு யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. 1994 டிசம்பரில் ராஜஸ்தானின் கோட் கிரானா என்ற கிராமத்தில் கூலித் தொழிலாளர்கள் கூடி, அரசு வேலைகளின் கணக்குகளை ஊரார் முன்னிலையில் வாசித்தார்கள். எழுதியிருப்பது ஒன்று, நடந்தது ஒன்று என்று கேட்டவர்களே எழுந்து சொன்னார்கள். அப்படிப்பட்ட கூட்டங்களிலிருந்து வளர்ந்த கோரிக்கைதான் 2005-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டமாயிற்று. நம் ஊரில் பள்ளிப் பதிவேட்டையும் சூளைக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால் என்ன வெளிவரும் என்று யோசித்துப் பாருங்கள்.

கூட்டம் அறிவிப்பார்கள், நடக்காது என்ற சலிப்பு நம்மிடம் இருக்கிறது. காரணமில்லாமல் வந்த சலிப்பு இல்லை. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கான கருத்துக் கேட்புக் கூட்டம் 2021 ஜனவரியில் இதே மீஞ்சூரில் நடப்பதாக இருந்து, கொரோனாவைக் காட்டித் தள்ளிப்போனது. 2023 செப்டம்பரில் மறுபடி தேதி வைத்தார்கள், அதுவும் நடக்கவில்லை. ஆனால் அந்த நாட்களில் மீனவக் கிராமங்கள் எவ்வளவு தயாராக இருந்தன என்பதை நாம் பார்த்தோம். எந்த மீன் எந்த மாதத்தில் எங்கே கிடைத்தது, இப்போது ஏன் இல்லை என்று படித்தவர்களுக்கே பாடம் சொல்லும் அளவுக்குப் பெண்கள் பேசினார்கள். அந்தத் தயாரிப்பு இப்போது பிள்ளைகளுக்காக வேண்டும். அன்று நம்மைக் கூப்பிட்டது அரசு. இம்முறை கூப்பிடப்போவது நாம்.

பெற்றோர் பலருக்குப் பயம் இருக்கிறது. பள்ளியைப் பற்றிச் சொன்னால் பிள்ளையைப் பழிவாங்குவார்களோ, சூளையைப் பற்றிச் சொன்னால் முன்பணத்தைத் திருப்பிக் கேட்பார்களோ, முதலாளி வேலையை விட்டு நிறுத்துவாரோ என்ற பயம். ஆகவே தனியாக யாரும் எழுத வேண்டாம். ஒரு தெரு, ஒரு குடியிருப்பு, ஒரு வகுப்பின் பெற்றோர் என்று சேர்ந்து எழுதுங்கள்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறோம். எந்தப் பிள்ளையையும் மேடையேற்றி அழவைக்க நாங்கள் சம்மதிக்கமாட்டோம். பாலியல் துன்புறுத்தல் தொடர்பான எதுவும் பொதுக்கூட்டத்தில் பேசப்படக் கூடாது. பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெயரோ முகமோ பள்ளியோ தெருவோ வெளியே தெரியும்படி செய்வதை போக்சோ சட்டமும் இளைஞர் நீதிச் சட்டமும் தடுக்கின்றன. அப்படிப்பட்டது தெரியவந்தால் விசாரணை நாள்வரை காத்திருக்காமல் உடனே குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். மற்ற விஷயங்களில் பிள்ளைகள் தாங்களே பேச ஆசைப்பட்டால், தனி அறையில், குழந்தைகளிடம் பேசிப் பழகியவர்கள் உட்கார்ந்து கேட்க வேண்டும். ஒடியா, இந்தி பேசும் பிள்ளைகளுக்கு மொழிபெயர்ப்பவர் இருக்க வேண்டும். கேட்கப்படும் உரிமை பிள்ளைகளுக்கு உண்டு என்று சொல்லும் ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 1992-லேயே ஏற்றது. கர்நாடகத்தில் ஊராட்சிகளில் குழந்தைகளுக்கென்றே கிராம சபை கூட்டுகிறார்கள். எங்கள் பள்ளிக்குப் போகும் வழியில் விளக்கு எரியவில்லை, கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லை என்று பிள்ளைகள் எழுந்து சொல்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கும் வாய் இருக்கிறது.

ஆசிரியர்களிடம் ஒரு வார்த்தை. இது உங்களுக்கு எதிரான கூட்டம் இல்லை. பிரம்பை எடுப்பவர் யாரானாலும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுக்குப் பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் எந்தப் பிள்ளை எந்த மாதத்தில் காணாமல் போகிறது என்று உங்களைவிடத் தெரிந்தவர் ஊரில் இல்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் இதைப் பேசித் தீர்மானமாக எழுதிக் கொடுங்கள். சூளை முதலாளிகளையும் லாரி உரிமையாளர்களையும்கூட அழைக்கிறோம். அவர்கள் தரப்பு இருந்தால் அதையும் ஊர் கேட்கட்டும்.

நடக்க வேண்டியவை இவைதான். வரும் கிராம சபையில், மே 1 ஆனாலும் ஆகஸ்ட் 15 ஆனாலும் அக்டோபர் 2 ஆனாலும், மீஞ்சூரில் குழந்தைகள் உரிமைப் பொது விசாரணை நடத்தக் கோரும் தீர்மானத்தை உங்கள் ஊராட்சியில் நிறைவேற்றுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதியபிறகு கையெழுத்துப் போடுங்கள், எழுதுமுன் போடாதீர்கள். மீஞ்சூர் ஊருக்குள் இருப்பவர்கள் வார்டு பகுதி சபையில் கேளுங்கள். தீர்மான நகல்களையெல்லாம் சேர்த்துத் திருவள்ளூர் ஆட்சியரிடம் திங்கள்கிழமை குறைதீர் நாளில் கொடுப்போம். அதே நகல்கள் ஆணையத்துக்கும் போகும்.

கையெழுத்துத் தாளோடு உங்கள் தெருவுக்கு வருவோம். அப்போது உங்கள் தெருவில் பள்ளிக்குப் போகாத பிள்ளைகள் எத்தனை பேர், எந்த வகுப்பில் நின்றார்கள், ஏன் நின்றார்கள் என்பதை மட்டும் விசாரித்து வையுங்கள். பெயர் வேண்டாம். வயதும் காரணமும் போதும்.

இப்படிக்கு,
மீஞ்சூர் வட்டாரப் பெற்றோர், ஆசிரியர்கள், துறைமுகத் தொழிலாளர்கள், மீனவப் பெண்கள்