நோயாளியின் தமிழும் பயிற்சி மருத்துவரின் தயக்கமும்: தகுதி வழக்கு நோக்கில் ஒரு கருத்துரை

நாலரை ஆண்டுகளை ஆங்கிலப் பாடநூல்களோடு கழித்த மருத்துவ மாணவர், ஓராண்டுப் பயிற்சி மருத்துவராக வார்டுக்குள் நுழைகிறார். 'ஒரு மாதிரியா வருது டாக்டர்' என்கிறார் கட்டிலில் படுத்திருக்கும் முதியவர். அது தலைச்சுற்றலா, குமட்டலா, மார்பிறுக்கமா என்பதை அடுத்த இரண்டு வினாக்களில் தெளிந்தாக வேண்டும். அவ்வினாக்களை எச்சொற்களால் கேட்பது என்னுமிடத்தில் தயக்கம் பிறக்கிறது. இத்தயக்கத்தை ஆளுமைக் குறைபாடாகக் கொண்டு, தன்னம்பிக்கைப் பயிற்சியால் போக்கிவிடலாம் என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. அது பெரும்பகுதி மொழி சார்ந்த இடர்ப்பாடு. ஆகவே தமிழாய்வின் எல்லைக்குள் வருவது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

இந்திய மருத்துவக் கல்வியில் 2019ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த திறன்சார் பாடத்திட்டம் மனப்பான்மை, அறம், தொடர்பாடல் ஆகியவற்றை ஒரு பயிற்சிக்கூறாக இணைத்தது. இது வரவேற்கத்தக்கதே. எனினும், அதன் உரையாடற் சூழல்கள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. அரசு மருத்துவக் கல்லூரிகளின் இளநிலை இடங்களுள் 15 விழுக்காடு அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு உரியது. அவ்வழியே வரும் பிறமொழி மாணவரின் இடர் எளிதில் புலப்படுகிறது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவரின் இடரோ கண்ணுக்குத் தெரிவதில்லை. அவருக்குத் தமிழ் தெரியும் என்று கல்லூரியும் அவரும் ஒருசேர நம்பிவிடுகின்றனர்.

இவ்விடரை விளக்க நன்னூலார் கூறும் தகுதி வழக்கு மூன்றும் துணைசெய்கின்றன. இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்பனவற்றைப் பெரும்பாலும் தேர்வுக்குரிய இலக்கணக் குறிப்புகளாகவே கற்பிக்கிறோம். 'கால் கழுவி வந்தான்' என்னும் எடுத்துக்காட்டோடு இடக்கரடக்கல் முடிந்துவிடுகிறது. புறநோயாளர் பிரிவிலோ அது நாள்தோறும் உயிர்ப்போடு வழங்குகிறது. 'வெளிக்குப் போகல', 'வீட்டுக்குத் தூரம் தள்ளிப்போச்சு', 'முழுகாம இருக்கா' என்பன நோயாளியும் உடன்வந்தோரும் கூறும் தொடர்கள். இவற்றைப் பயிற்சி மருத்துவர் புரிந்துகொள்வது ஒரு நிலை. இவற்றையே பயன்படுத்தி வினவுவது மற்றொரு நிலை. 'மாதவிடாய் ஒழுங்காக உள்ளதா?' என்று மாமியார் அருகிருக்கக் கேட்கும் இளம் மருத்துவருக்குத் தலையசைப்பு மட்டுமே விடையாகக் கிடைக்கலாம். அத்தலையசைப்பு வரலாற்றுத் தாளில் 'இயல்பு' என்று பதிவாகிவிடும்.

வெளிப்படையாக வழங்கும் சொற்களும் ஏமாற்றவல்லன. கண் இருட்டுவதும், தலை சுற்றுவதும், நினைவிழந்து விழுவதும் 'மயக்கம்' என்னும் ஒரு சொல்லில் அடங்குகின்றன. மருத்துவத்தில் இம்மூன்றும் வெவ்வேறு பரிசோதனைகளை வேண்டுவன. 'வாயுப் பிடிப்பு' என்பது இன்னும் இடர் மிக்கது. அதில் அறிகுறியோடு நோயாளியே செய்துகொண்ட நோய்க்கணிப்பும் கலந்துள்ளது. அதனை அப்படியே செரிமானக் கோளாறாக எழுதிக்கொள்பவர் மாரடைப்பைத் தவறவிடக்கூடும். 'வாயு' என்ற சொல்லைக் கேட்டவுடன் எவ்விடத்தில், எப்போது, நடக்கும்போது கூடுகிறதா, கை தோள்களுக்கு இழுக்கிறதா, வியர்க்கிறதா என்று கேட்கும் பழக்கம், அச்சொல்லின் பொருட்பரப்பை அறிந்திருப்பதிலிருந்தே வரும்.

மங்கல வழக்கு மேலும் நுண்ணியது. துயரச் செய்தியை அறிவிக்க உலகெங்கும் கற்பிக்கப்படும் 'ஸ்பைக்ஸ்' என்னும் ஆறுபடி முறை 2000ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியானது. ஆங்கிலத்தில் இரங்கலுக்கும் மன்னிப்புக்கும் பொதுவாக வழங்கும் சொல் 'சாரி'. அதனைத் தமிழில் 'மன்னிச்சிருங்க' என்று பெயர்ப்பவர், இறந்தவரின் உறவினர் முன் தம் பிழையை ஒப்புக்கொண்டவராகிறார். ஆங்கிலச் சொல்லையே ஆள்வதும் கூட்டத்திடையே அப்பொருளைத் தரலாம். மறுதலையாக, 'கஷ்டம்தான்', 'கையில ஒன்னுமில்ல' என்னும் மங்கலப் பேச்சு, இறப்பு நிகழ்ந்துவிட்டதா இல்லையா என்னும் ஐயத்தை நீட்டிக்கிறது. 'இறந்துட்டாங்க' என்பது தெளிவுடையது. ஆனால் அதற்கு முன்னே 'ஐயா', 'அம்மா' என்னும் விளி வேண்டும். அமரச் செய்தல் வேண்டும். எதுவரை முயன்றார்கள் என்னும் இரண்டு தொடர்கள் வேண்டும். இருபத்துமூன்று வயதினர் ஒருவர் இத்தொடர்களை முதன்முறை உரைப்பது நள்ளிரவுப் பணியிலாக இருக்கலாம். மருத்துவர்க்கும் உறவினர்க்கும் இடையே மூளும் பூசல்களுள் சில இவ்விடத்தில் தொடங்குகின்றன என்று கருத இடமுண்டு.

குழூஉக்குறியைப் பற்றி மிகுதியாகக் கூற வேண்டியதில்லை. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்றது பிறர் அறியாமற் பேசுதற்கு. மருத்துவர் அறிவிப்பதற்காகவே பேசும்போதும் 'ரிசல்ட் நெகட்டிவ்' என்கிறார். நோயில்லை என்னும் நற்செய்தி சிலருக்குக் கெட்ட செய்தியாகச் சென்று சேர்கிறது.

இத்துறையில் தமிழுக்கு முன்னோடி இல்லாமலில்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் தமிழ்வழி மருத்துவம் கற்பித்தார். உடற்கூற்றியல் முதலான நூல்களைத் தமிழில் ஆக்கினார். அவருக்குப்பின் நிகழ்ந்த முயற்சிகளும் பெரிதும் கலைச்சொல்லாக்கத்தையே நாடின. அதனால் பெயர்ச்சொற்கள் பெருகின. நோயாளியின் வலியோ வினைச்சொற்களில் உள்ளது: குத்துகிறது, குடைகிறது, இழுக்கிறது, கடுக்கிறது, விண்விண் என்று தெறிக்கிறது. வலியைக் குறிக்கும் 78 ஆங்கிலச் சொற்களை 20 குழுக்களாகப் பகுத்து ரொனால்ட் மெல்சாக் 1975இல் வெளியிட்ட வினாநிரல் வலி மருத்துவத்தின் அடிப்படைக் கருவியாயிற்று. அதனை மொழிபெயர்ப்பதைக் காட்டிலும், இரட்டைக்கிளவி உட்படத் தமிழ் வலிச்சொற்களை வட்டாரந்தோறும் திரட்டிப் பகுப்பதே பயன் தரும். அகராதியியலிலும் கிளைமொழியாய்விலும் முனைவர்ப்பட்டத் தலைப்புத் தேடுவோர்க்கு இதனினும் பயனுள்ள களம் அரிது. ஒப்புதல் பெறுதல், நோயாளியின் அடையாளம் மறைத்தல் ஆகிய நெறிகள் இக்களத்தில் கட்டாயமானவை. தமிழ்த்துறைகள் அவற்றை மருத்துவக் கல்லூரிகளின் அறநெறிக் குழுக்களிடமிருந்தே கற்கலாம்.

களப்பணியை நோயாளியிடமிருந்து தொடங்க வேண்டும் என்பதுமில்லை. மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் ஒன்றாக 'உழைச்செல்வான்' என்பாரையும் குறள் எண்ணுகிறது. அந்நிலையில் இன்று இருப்போர் செவிலியர். பல்லாண்டு வார்டில் பணியாற்றிய செவிலியர் ஒருவர், நோயாளி சொன்னதைப் பயிற்சி மருத்துவருக்கும், மருத்துவர் சொன்னதை நோயாளிக்கும் நாள்தோறும் தமிழிலிருந்து தமிழுக்கே பெயர்த்துத் தருகிறார். அப்பெயர்ப்புகளை எவரும் இதுவரை முறையாகத் தொகுக்கக் காணோம்.