‘உங்கள் வேகத்தில் படிக்கலாம்’ என்று சொல்பவரிடம் கேட்க வேண்டியவை

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு போன். 2004இல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறான். பிளஸ் டூவில் கணக்கில் நல்ல மார்க் வாங்கியவன். அப்பா தவறிப்போனதால் கல்லூரிக்குப் போகவில்லை. இப்போது கம்ப்யூட்டர் பட்டம் படிக்க ஆசை.

“சார், எல்லாமே ஆன்லைனாம். நம்ம வேகத்துல படிக்கலாமாம். பரீட்சைக்குத் தேதியே கிடையாதாம். இன்னிக்கே சேர்ந்தா பாதி ஃபீஸாம். சேரட்டுமா சார்?”

“சேராதே” என்றேன். அவன் குரல் சுருங்கிவிட்டது. போனில் முழுதாகச் சொல்ல முடியாததை எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. ஆன்லைன் படிப்புக்கு நான் எதிரி இல்லை. “தபால்ல படிச்சதெல்லாம் ஒரு படிப்பா” என்று நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதுகிற பெரியவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. அங்கீகாரம் பெற்ற தொலைநிலை, ஆன்லைன் பட்டங்கள் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று யு.ஜி.சி. 2022இல் தெளிவாகவே அறிவித்துவிட்டது. இரவு ஷிப்ட் முடித்து வருகிறவனுக்கும், கைக்குழந்தையோடு இருக்கிற பெண்ணுக்கும் வேறு எந்தக் கதவு திறந்திருக்கிறது?

என் சண்டை ‘உங்கள் வேகத்தில்’ என்று ஆசை காட்டி விற்கிறார்களே, அந்த வியாபாரத்தோடுதான்.

அந்த வேகம் எனக்குத் தெரியும். ஆசிரியர் பயிற்சிப் பட்டயத்தோடு வேலைக்கு வந்தவன் நான். 1986இல் அஞ்சல் வழியில் பி.ஏ. சேர்ந்தேன். பாடப் புத்தகங்கள் பார்சலாக வந்தன. முதல் பார்சலைப் பிரித்தேன். இரண்டாவதைப் பிரித்து அட்டை போட்டேன். மூன்றாவதை நூல் கட்டோடு பரண்மேல் வைத்தேன். பரீட்சையை “அடுத்த வருஷம் எழுதிக்கொள்ளலாம்” என்று தள்ளினேன். எப்போது வேண்டுமானாலும் எழுதலாம் என்றால் எப்போதும் எழுத மாட்டோம். கடைசிவரை பட்டதாரி ஆசிரியர் ஆகவில்லை. இடைநிலை ஆசிரியராகவே ஓய்வு பெற்றேன். பழி அந்தப் பல்கலைக்கழகத்தின் மேல் இல்லை, என் மேல்தான். ஆனால் என்னைப் போன்றவர்கள்தான் நம்மில் அதிகம். முப்பத்து சொச்சம் வருஷம் வகுப்பறையில் நின்றவன் சொல்கிறேன், மணி அடித்தால்தான் பிள்ளைகள் உள்ளே வருவார்கள்.

“எனக்குக் கட்டுப்பாடு உண்டு சார்” என்பீர்கள். நல்லது. கட்டுப்பாடு உள்ளவனுக்குப் பரீட்சைத் தேதியால் ஒரு நஷ்டமும் இல்லை. இல்லாதவனுக்கோ அதுதான் காப்பு.

அமெரிக்காவில் இருக்கும் என் தங்கை மகன் சொல்வான், “மாமா, இங்கே அப்படிப் பல்கலைக்கழகமே இருக்கு.” இருக்கிறது. வெஸ்டர்ன் கவர்னர்ஸ் பல்கலைக்கழகம், 1997இல் தொடங்கியது. ஆறு மாதத்துக்கு ஒரே கட்டணம். அதற்குள் எத்தனை பாடம் முடித்தாலும் சரி. ஆனால் அங்கேயும் ஆறு மாதத்தில் குறைந்தது இவ்வளவு முடிக்க வேண்டும் என்ற அளவு உண்டு. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு வழிகாட்டி உண்டு, அவர் கூப்பிட்டு விசாரிப்பார். மெதுவாகப் போனால் அடுத்த ஆறு மாதக் கட்டணமும் கட்ட வேண்டும். ஆக, அங்கேயும் கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

நம்மிடமும் நல்ல உதாரணம் உண்டு. சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய தரவு அறிவியல் பட்டப்படிப்பு. ஜே.இ.இ. வேண்டாம், வயது வரம்பு இல்லை. நான்கு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வு எழுதி உள்ளே போகலாம். ஒரு பருவத்துக்கு ஒரு பாடமும் எடுக்கலாம், நான்கும் எடுக்கலாம். இடையில் டிப்ளமோவோடு நின்றுகொள்ளவும் வழி உண்டு. வருமானம் குறைந்தவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. ஆனால் வாராவாரம் பயிற்சி அனுப்ப வேண்டும், தேர்வுக்கு மையத்துக்கு நேரில் போக வேண்டும். சுமை எவ்வளவு என்பது உங்கள் விருப்பம், தேதி அவர்கள் விருப்பம். நான் கேட்கும் நெகிழ்வு இதுதான். படிப்பு சுலபம் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆகவே, சேரும் முன் இவற்றைக் கேளுங்கள்.

ஒன்று, அனுமதி இருக்கிறதா? யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் போதாது, நீங்கள் சேரும் படிப்பும் சேரும் ஆண்டும் இருக்க வேண்டும். பி.சி.ஏ., எம்.சி.ஏ. ஆன்லைனில் படிக்கலாம். “ஆன்லைன் பி.டெக்.” என்று யாராவது சொன்னால் போனை வையுங்கள், பொறியியல் பட்டத்துக்கு அந்த அனுமதி கிடையாது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து கல்விச் செயலி நிறுவனங்கள் தரும் ஆன்லைன் பட்டத்துக்கு அங்கீகாரம் இல்லை என்று யு.ஜி.சி. 2023இல் எச்சரித்திருக்கிறது.

இரண்டு, பரீட்சை எங்கே, என்றைக்கு, யார் கண்காணிப்பில்?

மூன்று, நான் இரண்டு வாரம் படிக்காவிட்டால் அதைக் கவனித்துக் கேட்பவர் யார்?

நான்கு, பணம் யாருக்குப் போகிறது? “மாதத் தவணை” என்பது பல இடங்களில் உங்கள் பெயரில் ஒரு நிதி நிறுவனம் தரும் கடன். நீங்கள் படிப்பை நிறுத்தினாலும் தவணை நிற்காது. கையெழுத்துப் போடும் முன் அந்தத் தாளை முழுதாகப் படியுங்கள்.

இதற்கெல்லாம் பதில் சொல்லாமல் “இன்றைக்கு மட்டும்தான் தள்ளுபடி” என்பவர் கத்தரிக்காய் வியாபாரி. நாளைக்கு அழுகிவிடும் என்று அவருக்குத் தெரியும்.

அவனை மறுபடி கூப்பிட்டேன். பட்டியலைப் பார்த்து இரண்டு படிப்புகளைக் குறித்து வைத்திருக்கிறான். எதில் வேண்டுமானாலும் சேரட்டும். சேர்ந்த பிறகு சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு எனக்குப் போன் செய்து அந்த வாரம் படித்ததைச் சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அவன் பேசாவிட்டால் நான் கூப்பிடுவேன்.

உங்களில் யாருக்காவது அந்த மணி தேவைப்பட்டால் சொல்லுங்கள். ஓய்வு பெற்றவன்தானே, நேரம் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்