முதுமையும் மாதர் கூந்தலும்

நரை, திரை, மூப்பு என முதுமையின் அடையாளங்களை நம் முன்னோர் அடுக்கிக் கூறினர். நரைக்கு முதலிடம் தந்த அவர்கள் கூந்தல் மெலிதலுக்கு அவ்வடுக்கில் இடமே தந்திலர். தமக்கு நரை தோன்றாமை எதனால் என்பதற்குப் பிசிராந்தையார் கூறிய விடை புறநானூற்றில் உள்ளது. மாட்சிமை பொருந்திய தம் மனைவியாரையும் அவர் ஒரு காரணமாகச் சுட்டினார். அவ்வம்மையாரின் தலைமுடி எவ்வாறிருந்தது என்று கேட்டார் ஒருவருமிலர்! மாதர் கூந்தலை ஐம்பாலாக வகுத்துப் பாராட்டிய நம் இலக்கியம், அக்கூந்தல் ஐம்பதாம் வயதில் எலிவாலெனச் சுருங்குங்கால் வாய்மூடிக் கொள்கின்றது. முடியுள்ள மகராசி எப்படியும் முடிந்துகொள்வாள் என்னும் பழமொழியும் முடியில்லாத மகராசிக்கு வழி சொல்லவில்லை.

இதனை நகரத்துச் செல்வமாதர்க்கே உரிய கவலை என நகைப்பார் உளர். அன்னார் பழவேற்காட்டு ஏரியைச் சார்ந்த பசியாவரம் முதலிய மீனவச் சிற்றூர்ப் பக்கம் ஒருமுறை சென்று வருவாராக. அவ்வேரியிலே நீரில் அமர்ந்து கையால் துழாவி இறால் பிடித்து, வாயிற் கவ்விய பனையோலைப் பறியில் இட்டுச் சேர்க்கும் பெண்டிர் உளர். சும்மாடு வைத்து மீன்கூடை சுமந்து விற்போரும் உளர். வகிடு அகன்று தலைத்தோல் தெரியத் தொடங்கியதும் முந்தானையை இழுத்து மூடுவதில் இவர்க்கும் மாளிகைப் பெண்ணுக்கும் வேறுபாடு யாது?

ஒரு முடி 2 முதல் 6 ஆண்டு வரை வளர்ந்து, ஏறக்குறைய 3 மாதம் ஓய்ந்து, பின் உதிரும். நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்தல் இயல்பே. வயது ஏற ஏற வளரும் காலம் குறுகி, வேர்ப்பையும் சிறுத்து, முளைப்பது நூலினும் மெல்லியதாகின்றது. ஆடவர்க்கு நெற்றி ஏறுவதுபோலப் பெண்டிர்க்குப் பெரும்பாலும் ஏறுவதில்லை. நெற்றிமுடி நிற்க, உச்சியே வெளிறும். இதன் மூன்று படிகளை லுட்விக் என்னும் மருத்துவர் 1977-ஆம் ஆண்டில் வகுத்துக் காட்டினார். மாதவிடாய் நின்றபின் இது மிகுதல் உண்டு. ஆயின் எல்லாவற்றையும் வயதின் தலையிற் கட்டுதலும் தவறாம். கடுங்காய்ச்சல் கண்ட இரண்டு மூன்று மாதங்கழித்துக் கொத்தாய் உதிர்வதும், தைராய்டு கோளாற்றால் உதிர்வதும், இரும்புச்சத்துக் குறைவால் உதிர்வதும் வேறு. இவை காரணம் நீங்கப் பெரும்பாலும் மீள்வன. இறுக்கிய கொண்டையும், சவுரியின் பாரமும், ஒரே இடத்தில் ஓயாது உராயும் சும்மாடும் முடியை முறிக்கும், வேரையும் இழுக்கும்.

ஆகவே எண்ணெய்க்கடைக்கு ஓடுமுன் ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சென்று இரத்தம் பார்த்துக்கொள்வதே முறை என்பது என் துணிபு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்டிருள் 100-க்கு 53 பேர்க்குமேல் இரத்தசோகை உடையோர். ஐம்பதைத் தொட்டவள் அக்கணக்கிலேயே வாராள் என்பதைக் கவனிக்க. புலவரும் விட்டனர், கணக்கரும் விட்டனர்!

தேங்காயெண்ணெயை யான் பழிக்கவில்லை. அது மயிரிழையின் புரதம் கழியாமற் காக்கும் என்று 2003-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. உப்புக்காற்றிலும் வெயிலிலும் உழைப்பார்க்கு அது நன்று. ஆனால் இருக்கும் இழையைக் காப்பது வேறு, இல்லாத இழையை முளைப்பிப்பது வேறு. மூன்றே வாரத்தில் முழங்கால் தொடும் கூந்தல் தருவதாக விளம்பரஞ் செய்யும் புட்டிகள் ஏழையின் ஒருநாட் கூலியை விழுங்குகின்றன. வயதால் வரும் மெலிவுக்குப் பயன் தருவதென ஆய்ந்தறியப்பட்டது மினாக்சிடில் என்னும் பூச்சுமருந்து. முதலில் இரத்தக் கொதிப்புக்குத் தரப்பட்ட இது, 1991-இல் அமெரிக்காவில் பெண்டிர்க்கு 100-க்கு 2 பங்குக் கரைசலாக அனுமதி பெற்றது. பயன் தெரிய 4 முதல் 6 மாதம் ஆகும்; தொடக்கத்தில் சிறிது கூடுதலாகவும் உதிரும்; நிறுத்தினால் வந்த முடி போய்விடும். கருவுற்றார்க்கும் பாலூட்டுவார்க்கும் ஆகாது. திங்கள்தோறும் வாங்கவேண்டிய அதன் விலையைத் தொடங்குமுன்னரே மருத்துவர் சொல்லிவிடுதல் வேண்டும்.

மருந்தே வேண்டா என்பாளையும் மதித்தல் தகும். வேளாங்கண்ணியிலும் திருப்பதியிலும் நேர்ந்துகொண்டு தலை மழித்து வரும் பெண்ணை ஊரார் வணக்கத்தோடு நோக்குகின்றனர். தானே கொடுத்தவளுக்குக் கிடைக்கும் அம்மதிப்பு, கேளாமலே காலம் கொண்டுபோனவளுக்கு மறுக்கப்படுவது என்ன நியாயம்? 'மண்டை தெரிகிறதே' என்று படகுத்துறையிற் பலர் முன்னே கேட்பது பரிவன்று.

நாட்டு நலப்பணித் திட்டத்தின்கீழ்ச் சிற்றூர்களுக்குச் செல்லும் நம் கல்லூரி மாணவர், இரத்தப் பரிசோதனை முகாம் நடத்துங்கால் இளமங்கையரையும் கருவுற்றாரையும் மட்டும் அழையாமல், வாயிலில் மீன்கூடையை இறக்கிவைத்து நிற்கும் ஐம்பது வயதுத் தாய்மாரையும் வரிசையில் நிறுத்துவாராக.