கடன் பாக்கிக்குக் கைதா? வாரண்டு எங்கே?



"நாளைக்குள்ள தவணையைக் கட்டு, இல்லேன்னா வாரண்டு வந்துரும், போலீசு புடிச்சிட்டுப் போயிரும்!" டிராக்டர் கடனோ பயிர்க்கடனோ, வசூலுக்கு வருகிறவன் ஊர் நடுவில் நின்று போடும் சத்தம் இதுதான். மானத்துக்கு அஞ்சி நாமும் தாலியை அடகு வைக்கிறோம்.

2016 மார்ச்சில் தஞ்சை மாவட்டத்தில் டிராக்டர் கடன் பாக்கிக்காக ஒரு விவசாயியைப் போலீசார் அடித்து இழுத்துப் போனதை நாடே பார்த்தது. வங்கிகளுக்குச் சுமார் 9,000 கோடி பாக்கி வைத்த விஜய் மல்லையா விமானம் ஏறிப் போனதும் அதே மாதம்தான்! அவருக்கு விமானம், நமக்கு லத்தியா?

கடன் பாக்கி குற்றமல்ல. அது சிவில் வழக்கு. கடன் கொடுத்தவன் கோர்ட்டுக்குப் போய் டிகிரி வாங்க வேண்டும். பிறகு நிறைவேற்று மனு போட வேண்டும். சிறையில் அடைக்கக் கேட்டால், 'ஏன் அடைக்கக் கூடாது' என்று கோர்ட்டு வழக்கமாக முதலில் நம்மிடம் காரணம் கேட்கும். வசதி இருந்தும் ஏய்க்கிறவனுக்குத்தான் சிவில் சிறை, இல்லாதவனுக்கு இல்லை என்று 1980-லேயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. பண டிகிரிக்காகப் பெண்களைக் கைது செய்யவே முடியாது. சிவில் கைதுக்காகப் பொழுது சாய்ந்தபின் வீட்டுக்குள் நுழையவும் கூடாது. ஏர், கலப்பை, உழவு மாடு, விதை நெல்லுக்கும் ஜப்தியிலிருந்து சட்டப் பாதுகாப்பு உண்டு.

வாரண்டு என்பது எழுத்தில் இருக்கும். நீதிபதி கையெழுத்தும் கோர்ட்டு முத்திரையும் இருக்கும். கேட்டால் காட்ட வேண்டும். வக்கீல் நோட்டீசு வாரண்டு அல்ல. செல்போன் மிரட்டலும் வாரண்டு அல்ல.

கடுமையான குற்றம் என்றால் வாரண்டு இல்லாமலும் போலீசு கைது செய்யலாம். ஆனால் 7 ஆண்டு வரை தண்டனை உள்ள வழக்கில் எடுத்தவுடன் கைது கூடாது, அவசியம் என்ன என்று காரணம் எழுத வேண்டும், இல்லையென்றால் நோட்டீசு கொடுத்து விசாரிக்க வேண்டும் என்பது 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு போட்ட உத்தரவு. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சட்டத்திலும் நோட்டீசு முறை இருக்கிறது. எந்த வழக்கில் கைதானாலும் 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் போக, மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும்.

ஒரு இடத்தில் மட்டும் உஷாராக இருங்கள்: செக்! வெற்றுச் செக்கில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அது பணமில்லாமல் திரும்பினால் கிரிமினல் வழக்கு. கோர்ட்டு சம்மன் வந்தும் போகாமல் இருந்தால் பிடிவாரண்டு நிச்சயம் தேடி வரும். சம்மனுக்குப் பயந்து ஒளியாதீர்கள், போய் நில்லுங்கள். பிணை வாரண்டு என்றால் அதில் எழுதியபடி ஜாமீன் கொடுத்து அங்கேயே வெளியே வரலாம். வக்கீல் வைக்க வசதி இல்லையா? தாலுகா கோர்ட்டில் உள்ள சட்டப்பணிகள் குழுவில் இலவசமாகக் கேளுங்கள்.

நாங்கள் கேட்பது:

● காவல் நிலையத்தைக் கடன் வசூல் ஆபீசாக்காதே!
● வெற்றுச் செக் வாங்குவதைத் தடை செய்!
● அடியாள் வைத்து வசூலிப்பவன் மீது வழக்குப் போடு!

வாரண்டு என்று எவன் வந்தாலும் தனியாகப் பேசாதீர்கள். ஊரைக் கூப்பிடுங்கள், சங்கத்துக்குச் சொல்லி அனுப்புங்கள். "காகிதத்தைக் காட்டு" என்று கேளுங்கள். கேட்கத் துணிந்தால் பாதிப் பேர் வந்த வழியே திரும்பிவிடுவான்!