இயந்திரக் காரியஸ்தரும் எஜமானர் சம்மதமும்

நிலத்தை நேரில் பார்த்துக்கொள்ள இயலாத மிராசுதார் ஒரு காரியஸ்தரை நியமித்து, விதை, உரம், கூலி முதலிய செலவுகளை அவர் வசம் ஒப்புவிப்பது இந்நாட்டில் நெடுங்கால வழக்கம். இப்பொழுது அந்த ஸ்தானத்துக்குக் கணினி நிரல் ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. இன்னது வேண்டுமென்று சொல்லிவிட்டால், தானே விலை விசாரித்து, தானே கடையைத் தெரிந்தெடுத்து, தானே பணமும் செலுத்தவல்ல இவ்வகை நிரலை ஏஜெண்டு என்கிறார்கள். 2025 அக்டோபரில் தேசியக் கொடுப்பனவுக் கழகமும், ரேசர்பே, ஓப்பன்ஏஐ என்னும் கம்பெனிகளும் சேர்ந்து, சாட்ஜிபிடியுடன் உரையாடியபடியே பொருள் வாங்கி யூ.பி.ஐ. மூலம் பணம் செலுத்தும் முறையைப் பரீட்சார்த்தமாகத் தொடங்கியதாக அறிவித்தன. ஒரு தொகையை முன்கூட்டியே ஒதுக்கி, அதற்குள் செலவு செய்ய அனுமதிக்கும் ஏற்பாடும் யூ.பி.ஐ.யில் வந்திருக்கிறது. இன்று மளிகைக்கு வந்தது நாளை விதைக்கும் பூச்சிமருந்துக்கும் வரும். ஆகையால் நிலமுடையோர் இப்பொழுதே இதைப்பற்றி ஒரு முடிவுக்கு வந்திருத்தல் நலம்.

பழைய காரியஸ்தர் எஜமானரின் உத்தரவை மீறி நடந்து நஷ்டம் உண்டாக்கினால், 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 211-வது பிரிவின்படி அந்நஷ்டத்தை ஈடுசெய்யக் கடமைப்பட்டவர். அதே சட்டம் ஏஜெண்டு என்பவரை ஒரு நபராகவே வர்ணிக்கிறது. கணினி நிரல் நபரன்று. அதன்மேல் பிராது கொடுக்க முடியாது. மறுபுறத்திலோ, ஒருவர் தாமாகவே இயங்கும்படி அமைத்து வைத்த கணினி அனுப்பும் மின்பதிவு அவரே அனுப்பியதாகக் கொள்ளப்படும் என்று 2000-ஆம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 11-வது பிரிவு சொல்லுகிறது. நள்ளிரவில் நிரல் கொடுத்த ஆர்டரைக் காலையில் "அது எனதன்று" என்று தள்ளிவிடுவது எளிதாயிராது. செய்கை இயந்திரத்தினுடையது, கடன் குடியானவருடையது என்பதே இதன் பலன்.

புதுக்கோட்டை ஜில்லா மணமேல்குடித் தாலூகாவில், கடலோரத்திலுள்ள கட்டுமாவடியை அடுத்த பாசனப் பகுதியை எடுத்துக்கொண்டால் இது நன்கு விளங்கும். கல்லணைக் கால்வாயின் கடைமடை இவ்வட்டாரம். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ந் தேதி திறக்கப்பட்டாலும், கடைமடைக்கு நீர் எட்டும் நாளை ஒருவரும் நிச்சயித்துச் சொல்ல இயலாது. சில வருஷங்களில் கண்மாயையும் வடகிழக்குப் பருவ மழையையுமே நம்பி விதைக்க நேரிடுகிறது. நாட்காட்டியைப் பார்த்து இயங்கும் நிரல், குறித்த வாரத்தில் சி.ஆர். 1009 போன்ற நீண்டகால ரகத்தின் விதையை வாங்கி முடித்திருக்கும். நீர் தாமதித்தால், ஆடுதுறை 39 போன்று குறைந்த நாளில் விளையும் ரகத்துக்கு மாறவேண்டியவர் இரண்டாம் முறை பணம் கொடுக்க வேண்டும். நிரலின் கணக்கில் பிழை இராது. மடையில் நீர் வந்ததா என்பது மட்டும் அதற்குத் தெரியாது. வரப்பில் நின்று பார்த்தவருக்குத் தெரியும். அவருடைய சம்மதம் இல்லாமல் பணம் வெளியேறலாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை.

ஆனால் சம்மதம் பெயரளவில் மட்டும் இருந்தால் பயனில்லை. பி.எம். கிசான் திட்டத்தில் வருஷத்துக்கு ரூ. 6,000 மூன்று தவணைகளாக விவசாயிகளின் வங்கிக் கணக்கில் நேரே சேருகிறது. 2020-இல் தமிழ்நாட்டில் தகுதியற்ற 5 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இத்திட்டத்தில் சேர்க்கப்பட்டு, சுமார் ரூ. 110 கோடி அவர்கள் கணக்குகளுக்குப் போனது வெளிப்பட்டது. அதிகாரிகளுக்குரிய கடவுச்சொற்கள் பிறர் கைக்குச் சென்றதே முக்கிய காரணமாகக் காணப்பட்டது. ஒப்பந்த ஊழியர் பலர் நீக்கப்பட்டனர், சி.பி.சி.ஐ.டி. விசாரணையும் நடந்தது. ஒப்புதல் என்னும் படி அங்கே இல்லாமலில்லை, இருந்தது. அதை அழுத்திய விரல் யாருடையது என்று மட்டும் இயந்திரம் கேட்கவில்லை.

கிராம அதிகாரிகள் இதைத் தங்கள் விஷயமாகவே கொள்ளவேண்டும். ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் கூட்டாகக் கையெழுத்திட வேண்டுமென்று 1994-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் விதித்திருக்கிறது. ஒருவர் கண்ணுக்குத் தப்பியது மற்றொருவர் கண்ணில் படட்டும் என்பதே அதன் கருத்து. இணையவழிப் பட்டுவாடாவில் இருவருடைய மின் கையொப்பச் சாவிகளும் ஒரே மேஜை இழுப்பறையில் கிடக்குமாயின், இரண்டு கையெழுத்தும் ஒன்றே.

ஒவ்வொரு சில்லறைச் செலவுக்கும் அனுமதி கேட்டால் வேலை நடக்குமா என்று ஆட்சேபிப்போர் உண்டு. இந்த ஆட்சேபம் அலட்சியம் செய்யத்தக்கதன்று. நாளொன்றுக்கு இருபது முறை கேட்கப்படுபவர், இருபத்தொன்றாம் முறை படிக்காமலே அழுத்திவிடுவார். ரிசர்வ் வங்கி தானியங்கித் தவணைகளுக்கு விதித்துள்ள முறை இதில் நல்ல வழிகாட்டி. 2022 ஜூன் முதல் பொதுவாக ரூ. 15,000 வரையிலான தவணைகள், முதலில் ஒருமுறை பெற்ற சம்மதத்தின்மேல் தாமாகவே செல்லும். அதற்கு மேற்பட்டால் ஒவ்வொரு முறையும் சம்மதம் வேண்டும். சில இனங்களுக்கு மட்டும் வரம்பு ரூ. 1 லட்சம். பணம் பிடிப்பதற்கு 24 மணி நேரத்துக்கு முன் அறிவிப்பு அனுப்பவேண்டும் என்பதும் விதி, விலக்குகள் சிலவே.

ஆயினும் ரூ. 15,000 என்பது பட்டணத்துச் சம்பளக்காரருக்கு ஏற்ற அளவாயிருக்கலாம். இரண்டு மா நிலமுள்ளவருக்கு அது ஒரு போகத்தின் ஆதாயத்தையே விழுங்கக்கூடும். வரம்பை அவரவர் நிலத்துக்கும் கையிருப்புக்கும் தக்கவாறு தாழ்த்தி வைத்துக்கொள்வதே புத்தி. தொகை சிறிதானாலும், பணம் பெறுபவர் புதியவராயிருந்தாலும், விலை சென்ற முறையைவிட ஏறியிருந்தாலும், வாங்கும் ரகமோ மருந்தோ மாறியிருந்தாலும் நிரல் நின்று கேட்கவேண்டும். கேட்கும்பொழுது யாருக்கு, எவ்வளவு, எதற்காக என்ற மூன்றும் தமிழில் காட்டப்படவேண்டும். மானிய உரம் வாங்குகையில் கருவியில் கைரேகை வைப்பதும் இத்தகைய சம்மதமே. மூட்டைகளை எண்ணிப் பார்த்து, ரசீதிலுள்ள எண்ணிக்கையோடு ஒப்பிட்டுக்கொள்ளுதல் அவசியம்.

முன்பு கொடுத்து மறந்துபோன அனுமதிகள் யூ.பி.ஐ. செயலியில் ஆட்டோபே என்ற பகுதியில் காணப்படும். வேண்டாதவற்றை அங்கேயே ரத்து செய்யலாம். சம்பா சாகுபடிக்கு முன் ஒருமுறை அதைப் பார்த்துவிடுவது நலம். மோசடியாகப் பணம் போயிருப்பதாகத் தெரிந்தால், 1930 என்ற எண்ணுக்கு உடனே தெரிவித்துவிட்டுப் பிறகு வங்கிக்குச் செல்லவேண்டும்.