பறிபோனதை விட்டுவிட்டு, கொடுத்ததை மட்டும் எண்ணுபவர்களுக்கு

"வன்னிச் சனம் நிவாரணத்துக்குப் பழகிப்போச்சு. எவ்வளவு குடுத்தாலும் எழும்பாது." வட இலங்கையின் வன்னியில் யுத்தம் முடிந்து பதினைந்து ஆண்டுகள் கடந்தும் இந்தப் பேச்சு ஓயவில்லை. கூட்டங்களில் அதிகாரிகள் சொல்கிறார்கள். கொழும்பிலிருந்து வரும் ஆலோசகர்கள் மெல்லிய சொற்களில் அறிக்கையில் எழுதுகிறார்கள். லீவில் ஊருக்கு வரும் வெளிநாட்டு உறவுகள் கல்யாணப் பந்தலில் இருந்துகொண்டு சொல்கிறார்கள்.

அவர்களுடைய வாதத்தைக் குறைக்காமல் தருகிறேன். 2009க்குப் பிறகு வீடு, உலர் உணவு, கோழி, ஆடு, தையல் இயந்திரம், இப்போது அஸ்வெசும என்ற அரச கொடுப்பனவு என்று உதவி வந்துகொண்டே இருக்கிறது. ஆனால் வன்னியிலுள்ள முல்லைத்தீவின் வறுமை 2016இல் 12.7 சதவீதம், 2019இல் 44.5 சதவீதம். ஆகவே உதவிதான் உழைப்பைக் கெடுத்தது. இனி உண்மையான ஏழையை மட்டும் வடிகட்டி எடுத்து, மற்றவர்களுக்குக் கடனும் சுயதொழில் பயிற்சியும் கொடுங்கள். இதுதான் வாதம். இது பொய்யான கணக்கில் தொடங்கி, பாதிக்கப்பட்டவர்மேல் பழிபோடுவதில் முடிகிறது.

முதலில் கணக்கு. 2016இன் எண் பழைய வறுமைக்கோட்டால் அளந்தது. 2019இன் எண் 2012/13ஐ அடிப்படையாகக் கொண்டு உயர்த்திய புதிய கோட்டால் அளந்தது. கோடு மாறியபோது முழு நாட்டின் வறுமையும் 4.1இலிருந்து 14.3 சதவீதமானது. மூன்று வருடத்தில் இலங்கை முழுவதும் சோம்பேறியாகிவிட்டது என்று யாராவது எழுதினார்களா? இல்லை. முல்லைத்தீவுக்கு மட்டும் அப்படி எழுதலாம் என்று நினைக்கிறார்கள். இரண்டு வேறு கோடுகளின் எண்களை அருகருகே வைத்து ஒரு மாவட்டத்து மக்களின் குணத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது ஆராய்ச்சி ஆகாது. புள்ளிவிபரத் திணைக்களத்தின் அறிக்கையைத் திறந்து பார்த்த எவரும் இதைச் செய்யமாட்டார். பார்த்தும் செய்தவரின் நேர்மையை நான் நம்பமாட்டேன்.

அந்த அறிக்கைகள் உண்மையில் சொல்வது வேறு. 2009/10 வீட்டு வருமான, செலவினக் கணக்கெடுப்பில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டங்களே இல்லை. 2012/13இல் முதன்முதலாக எல்லா மாவட்டங்களையும் எண்ணினார்கள். எண்ணியவுடன் 28.8 சதவீதத்தோடு முல்லைத்தீவு நாட்டிலேயே ஆக வறிய மாவட்டமாக வந்தது. 2016இல் அந்த இடத்தில் 18.2 சதவீதத்தோடு கிளிநொச்சி. 2019இல் மறுபடி முல்லைத்தீவு. எந்தக் கோட்டை வைத்து அளந்தாலும் அடியில் கிடப்பது கடைசி யுத்தம் நடந்த நிலம்தான்.

அருகிலுள்ள வவுனியாவைப் பாருங்கள். 2016இல் அங்கே வறுமை 2.0 சதவீதம். நிவாரணம் சோம்பலை வளர்க்குமென்றால் அது முதலில் வளர்ந்திருக்க வேண்டிய இடம் வவுனியாதான். தொண்ணூறுகளிலிருந்தே நலன்புரி முகாம்கள் இருந்த மாவட்டம் அது. 2009இல் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரை அடைத்து வைத்த செட்டிகுளம் மெனிக் பாமும் அங்கேதான். ஆனால் நகரமும் சந்தையும் ஏ9 வீதியும் அரச உத்தியோகங்களும் வவுனியாவுக்கு இருந்தன. 2008, 2009இல் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் நடந்தது அந்த நகரத்துக்கு நடக்கவில்லை. (மாவட்டச் சராசரி நெடுங்கேணிப் பக்கத்துக் கிராமங்களின் வறுமையை மறைக்கிறது என்பதும் எனக்குத் தெரியும்.) சனம் ஒன்று, நிவாரணம் ஒன்று. வேறுபட்டது இழந்த சொத்தின் அளவு.

அந்த இழப்பைப் பற்றி எதிர்த்தரப்பின் எழுத்தில் ஒரு பந்திகூட இருப்பதில்லை. மன்னார்ப் பக்கத்திலிருந்து கிழக்கே கிழக்கே என்று நகர்ந்து, யுத்தம் முடிந்த முள்ளிவாய்க்கால் வரை போன சனம், போகும் வழியெல்லாம் சொத்தை விட்டுவிட்டுப் போனது. உழவு இயந்திரம், நீரிறைக்கும் மெஷின், மாட்டுப்பட்டி, படகு, வலை, விதைநெல், கடைசியில் தாலிக்கொடி. எழுபதுகளில் வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வராமல் தடுக்கப்பட்டபோது விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் காடு வெட்டி மிளகாய் போட்டு நாட்டுக்கே கொடுத்த சனம் இது. மூன்று தலைமுறை சேர்த்த முதல் ஒரு வருடத்தில் போனது. பிறகு முகாம். திரும்பி வந்தபோது கையில் கிடைத்தது தறப்பாள், தகரம், சில மாத உலர் உணவு, குடும்பத்துக்கு 25,000 ரூபா. இதை ஈடு என்று யாரும் சொல்லத் துணிவதில்லை. ஆனால் "இவ்வளவு கொடுத்தோமே" என்று மட்டும் துணிந்து சொல்கிறார்கள்.

இந்திய வீட்டுத்திட்டத்தை எடுங்கள். ஒரு வீட்டுக்கு ஐந்தரை லட்சம் ரூபா, பயனாளியே கட்டவேண்டும். பொருள் விலை ஏறியது, கூலி ஏறியது, பலருக்குக் காசு கூரை மட்டத்தோடு நின்றது. மிச்சத்துக்குக் கடன் வாங்கினார்கள், நகை அடைவு வைத்தார்கள். இன்று அதே கல்வீடு அவர்களுக்கு எதிரான சாட்சி. வீட்டையும் மின்சாரத்தையும் வாகனத்தையும் பார்த்து ஏழ்மையை ஊகிக்கும் சோதனைகள் கண்ணுக்குத் தெரியும் சீமெந்தை எண்ணும். அந்தச் சீமெந்துக்குப் பின்னால் கிழமைதோறும் கட்டும் தவணையை எண்ணாது. லீசிங்கில் எடுத்த மோட்டார் சைக்கிள் அதற்கு ஒரு வாகனம், அவ்வளவுதான்.

அஸ்வெசுமவுக்கு வருவோம். 2002ஆம் ஆண்டின் நலன்புரி நன்மைகள் சட்டத்தை வைத்து, சர்வதேச நாணய நிதியத்தின் கடன் உடன்படிக்கை நிழலில், 2023 ஜூலையில் தொடங்கிய திட்டம். 22 குறிகாட்டிகளால் ஏழையைத் தெரிவு செய்கிறோம், இது விஞ்ஞானம் என்கிறார்கள். ஆனால் யார் ஏழை என்று அளக்கு முன்பே எத்தனை ஏழைகள் என்று முடிவாகிவிட்டது. மிக வறியோர் நான்கு லட்சம் குடும்பம், வறியோர் எட்டு லட்சம், பாதிக்கப்படக்கூடியோர் நான்கு லட்சம், இடைநிலையினர் நான்கு லட்சம். விண்ணப்பித்தவை சுமார் 37 லட்சம் குடும்பங்கள். பட்டியல் வந்ததும் ஏறத்தாழப் பத்து லட்சம் மேன்முறையீடுகள் குவிந்தன. காசுக்கு ஏற்ப வாசலை ஒடுக்கிவிட்டு, உள்ளே வரமுடியாதவரைப் பார்த்து "நீ உண்மையான ஏழை இல்லை" என்று சொல்வதற்குப் பெயர் விஞ்ஞானமா?

எவ்வளவு கொடுக்கிறார்கள்? ஆகக் கூடியது, மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 15,000 ரூபா. 2025 ஜனவரியிலிருந்து 17,500. திட்டம் தொடங்கிய காலத்தில் தேசிய வறுமைக்கோடு தலைக்கு மாதம் 16,000 ரூபாவை ஒட்டி இருந்தது. ஒரு ஆளுக்கு, ஒரு மாதத்துக்கு. நாலைந்து பேர் கொண்ட முழுக் குடும்பத்துக்கும் கிடைத்தது ஒருவரின் கோட்டைக்கூடத் தொடவில்லை. இதை வாங்கிக்கொண்டு ஒரு வீட்டார் உழைக்காமல் இருந்து சாப்பிட முடியும் என்று நம்புகிறவர், ஒரு மாதத்துக்கு அரிசி, பருப்பு, தேங்காய் வாங்கிப் பார்க்கட்டும்.

சோம்பல் வாதத்துக்கு ஆராய்ச்சியில் பதில் கிடைத்துப் பல காலம். பின்னாளில் பொருளியல் நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜியும், அவரோடு ரீமா ஹன்னா முதலியோரும் ஆறு நாடுகளில் நடந்த ஏழு காசுக்கொடுப்பனவுத் திட்டங்களின் சோதனைத் தரவுகளை ஒன்றாகப் பார்த்தார்கள். காசு கிடைத்தவர்கள் வேலையைக் குறைத்தார்கள் என்பதற்குச் சீரான சான்று எதுவும் அகப்படவில்லை. "குடியில்தான் போகும்" என்பார்கள். அப்போது உலக வங்கியில் இருந்த டேவிட் எவன்ஸும் அன்னா பொப்போவாவும் 19 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். கொடுப்பனவால் மதுவுக்கும் புகையிலைக்குமான செலவு ஏறவில்லை. வன்னியில் குடி பெரிய நோய்தான், அதை நான் மறைக்கவில்லை. அதனால் அடிவாங்கும் பெண்களைக் கேட்டால் தெரியும். ஆனால் அந்தப் பெண்களின் வங்கிக் கணக்குக்கு வரும் காசை நிறுத்துவது அந்த நோய்க்கு மருந்தாகாது. நிவாரணத்தை வாக்காக மாற்றிய அரசியல்வாதிகளும், அறிக்கைக்காகத் திட்டம் நடத்திய தொண்டு நிறுவனங்களும் இருந்தன. அந்தக் குற்றம் அவர்களுடையது. அதைத் தறப்பாளின் கீழ் இருந்தவரின் கணக்கில் எழுதாதீர்கள்.

அவர்கள் தரும் மருந்து, கடன். இதுதான் எனக்கு ஆகக் கோபம் வரும் இடம், ஏனென்றால் இந்த மருந்தை வன்னி ஏற்கெனவே குடித்துவிட்டது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் சுரேஷ் டி மெல்லும், அவரோடு டேவிட் மக்கென்சி, கிறிஸ்டோபர் வுட்ரஃப் இருவரும் சுனாமிக்குப் பிந்திய காலத்தில் களுத்துறை, காலி, மாத்தறையில் சிறுதொழில் செய்வோருக்கு 10,000, 20,000 ரூபா பெறுமதியான முதலை இனாமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆண்களின் தொழிலில் நல்ல இலாபம் வந்தது. பெண்களின் தொழிலில் சராசரி வருவாய் பூச்சியத்தை ஒட்டியது. சந்தை உள்ள தெற்கில், திருப்பிக் கட்டத் தேவையில்லாத முதலுக்கே பெண்களுக்குக் கிடைத்தது இதுதான். அப்படியிருக்க, கணவன் இல்லாத, அல்லது காணாமல் ஆக்கப்பட்ட ஒரு பெண், ஊரில் பத்து வீட்டிலும் அதே தையல் இயந்திரம் இருக்கும் இடத்தில், எந்த இலாபத்தில் வட்டி கட்டுவாள்?

கட்டவில்லை, கட்ட முடியவில்லை. ஒரு குழுக்கடனை அடைக்க இன்னொரு குழுக்கடன். திங்கள் ஒரு கொம்பனி, புதன் இன்னொரு கொம்பனி, வாசலில் வந்து இருந்து காசு வாங்காமல் எழும்பாத வசூல்காரர். 2018இல் இலங்கை வந்த ஐ.நா.வின் சுயாதீன நிபுணர் ஜுவான் பப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி, நுண்கடன் வட்டி ஆண்டுக்கு 220 சதவீதம் வரை போவதைப் பதிவு செய்தார். அதே ஆண்டு அரசாங்கமே வறட்சி மாவட்டங்களில் பெண்கள் பட்ட ஒரு லட்சம் ரூபா வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. இவ்வளவுக்குப் பிறகும் "இலவசம் வேண்டாம், கடன் கொடுங்கள்" என்று எழுதும் பேனாவுக்கு இரக்கம் இல்லை.

"வன்னிச் சனம்" என்று ஒரே மூட்டையாகக் கட்டுவதும் பிழை. 58, 77, 83 வன்செயல்களில் அடிபட்டு மலையகத்திலிருந்து வந்தவர்கள் கிளிநொச்சியில் பாரதிபுரம், மலையாளபுரம், கிருஷ்ணபுரம் போன்ற ஊர்களில் குடியிருக்கிறார்கள். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் வயல் அவர்களில் பெரும்பாலானோருக்கு இல்லை. எத்தனையோ வீடுகளுக்குக் காணி உறுதியும் இல்லை. ரொறன்ரோவிலோ சூரிச்சிலோ காசு அனுப்ப ஆளும் இல்லை. காலபோகத்தில் மற்றவரின் வயலில் கூலி, மற்ற நாளில் கிடைத்த வேலை. விடியுமுன் ஆடைத் தொழிற்சாலைப் பஸ்ஸுக்கு வீதியில் நிற்கும் பிள்ளைகளில் அந்த ஊர்களின் பிள்ளைகளும் உண்டு. இவர்களைப் பார்த்துச் சோம்பல் என்று சொல்ல எப்படி நா எழுகிறது? சாதி, பூர்வீகம், காணி மூன்றும் சேர்ந்து யாரை எங்கே வைத்திருக்கின்றன என்று கேட்காத ஆய்வு, ஏற்றத்தாழ்வைப் பற்றிய ஆய்வே அல்ல. இந்தப் பழி யாழ்ப்பாணத்து நாக்கிலும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் கொழும்பை மட்டும் ஏசுவது நேர்மையில்லை.

கடைசியாகக் காணி. 2012 செப்டெம்பரில் மெனிக் பாம் மூடப்பட்டபோது, கடைசியாக வெளியே வந்த கேப்பாப்புலவு மக்களைச் சொந்த ஊருக்கு விடவில்லை. ஊரில் படை முகாம். சீனியாமோட்டையில் இறக்கினார்கள். 2017 ஜனவரி 31இல் அந்த ஊரின் பிலக்குடியிருப்புக் குடும்பங்கள் விமானப்படை முகாமுக்கு முன்னால் வீதியில் போராட்டமாக அமர்ந்தன. வெயிலிலும் பனியிலும் குழந்தைகளோடு ஒரு மாதம் இருந்து 42 ஏக்கரை மீட்டார்கள். அவர்கள் கேட்டது அரிசி மூட்டையா? நந்திக்கடலில் வலை வீசவும், தங்கள் நிலத்தில் தென்னையும் நெல்லும் வைக்கவும் வழிவிடு என்று கேட்டார்கள். நிவாரணத்தில் தங்கியிருக்க விரும்பாதவர்களை நிவாரணத்தில் வைத்திருந்தது யார் என்பதை அந்த முகாமின் முள்வேலி சொல்லும்.

ஆகவே முல்லைத்தீவைப் பற்றி அடுத்த அறிக்கை எழுத வருபவரிடம் நான் கேட்பது இது. படிவத்தில் கரண்ட் பில்லுக்கும் மலசலகூடத்துக்கும் இடம் விட்டதுபோல, 2008இல் எத்தனை ஏக்கர் செய்தீர்கள், எத்தனை மாடு, எந்தப் படகு, அதில் எது திரும்பி வந்தது, இன்று யாருக்கு எவ்வளவு கடன், காணி யாருடைய பேரில் என்றும் கேளுங்கள். கிராம சேவையாளர் பிரிவு பிரிவாகக் கேட்டு, அந்த அட்டவணையைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு பிரதேச செயலகச் சுவரிலும் ஒட்டுங்கள். அதைச் செய்யும்வரை கொடுப்பனவை எல்லா வீட்டுக்கும் கொடுங்கள், தலைக்குரிய வறுமைக்கோட்டோடு சேர்த்து உயர்த்துங்கள், படை வைத்திருக்கும் காணியை விடுங்கள்.